பழைய வீட்டுக்குப் பொருந்தும் பலகையும் பிராக்கெட்டும்: தேடுவது, செய்துகொள்வது, மாட்டுவது

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் தாத்தா 1930களில் கட்டிய வீடு இருக்கிறது. கூடத்துச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக நாலு தேக்குப் பலகைகள், ஒவ்வொன்றுக்கும் அடியில் இரண்டு வார்ப்பிரும்புத் தாங்கிகள். நடுவில் எப்போதோ ஒரு பலகை போய்விட்டது. அந்த இடத்தில் யாரோ மைக்கா ஒட்டிய பிளைவுட்டை மாட்டியிருந்தார்கள். வீட்டைச் சரிசெய்ய ஆரம்பித்தபோது நான் முதலில் கழற்றியது அதைத்தான். அதற்குப் பதிலாக அதே மாதிரி ஒன்றைக் கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆனது. எங்கே போவது, எதை அளப்பது, என்ன கேட்பது என்று தெரிந்திருந்தால் அது ஒரு மாத வேலைதான். இப்போதுதான் பழைய வீட்டில் கை வைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. மீதமிருக்கும் பலகையில் ஒன்றையாவது கழற்றிக் கீழே இறக்குங்கள். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மேல்பக்கம் புகையும் பாலிஷும் ஏறி எல்லா மரமும் ஒரே கறுப்பாகத் தெரியும். அடிப்பக்கம்தான் உண்மையைச் சொல்லும். எங்கள் பலகைகளின் அடியில் ஆசாரி உளியால் கோடு கீறி வைத்திருந்தார். ஒன்றில் ஒரு கோடு, அடுத்ததில் இரண்டு, இன்னொன்றில் நாலு. எந்தப் பலகை எந்த இடத்துக்கு என்று அவர் போட்டுக்கொண்ட கணக்கு அது. மூன்று கோட்டுப் பலகைதான் காணாமல் போனது என்று அப்போதுதான் தெரிந்தது.

மரம் என்ன என்று பார்க்க, அடிப்பக்கத்தில் ஓர் ஓரமாக விரல் அகலத்துக்கு உளியால் லேசாகச் சீவுங்கள். தேக்கு என்றால் பொன்னிறப் பழுப்பும், நேராக ஓடும் ரேகையும், எண்ணெய்ப் பிசுக்கோடு தோல் மாதிரி ஒரு வாசனையும் இருக்கும். எல்லாப் பழைய வீட்டிலும் தேக்குதான் என்று நினைக்க வேண்டாம். கூடத்தில் பர்மாத் தேக்கும் பின்கட்டில் வேங்கையோ பலாவோ மாமரமோ போட்ட வீடுகள் ஏராளம். பலா புதிதாக இருக்கும்போது மஞ்சளாக இருந்து வருஷம் ஆக ஆகக் கறுக்கும். வேங்கையின் சீவலைத் தண்ணீரில் போட்டால் நீரில் நிறம் இறங்கும். உங்களுக்குப் பிடிபடவில்லை என்றால் அந்தச் சீவலை ஒரு பொட்டலமாக மடித்துப் பழைய ஆசாரி ஒருவரிடம் காட்டுங்கள். மோந்து பார்த்தே சொல்லிவிடுவார்.

அடுத்து பாலிஷ். பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் நனைத்து ஒரு மூலையில் தேயுங்கள். பூச்சு இளகிப் பிசுபிசுத்துப் பஞ்சில் ஒட்டினால் அது அரக்கு பாலிஷ். அசையவில்லை என்றால் பின்னால் அடித்த வார்னிஷ் அல்லது பெயின்ட். பழைய பெயின்டைச் சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவுக்கு 90 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கு, என்ற வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், ஈரமாக வைத்துத் தேயுங்கள், முகமூடி போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

சரி, இப்போது அளவு. பழைய வீட்டை இஞ்சில்தான் அளக்க வேண்டும். மெட்ரிக் முறை இந்தியாவில் 1958 அக்டோபரில் ஆரம்பித்துப் படிப்படியாக வந்தது. அதற்கு முன்னால் கட்டிய வீட்டின் மரவேலை முழுக்க அடியும் இஞ்சும் நூலும்தான். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். ஆசாரியும் இரும்புக்கடைக்காரரும் இன்றைக்கும் இந்தக் கணக்கில்தான் பேசுகிறார்கள். நீங்கள் 32 மில்லிமீட்டர் என்றால் அவர் ஒரு கணம் யோசிப்பார். ஒன்றேகால் இஞ்சு என்றால் உடனே கை ஒரு பலகைக்குப் போகும்.

நீளம், அகலம், கனம் மூன்றையும் குறித்தால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். போதாது. பலகை பொருந்துகிறதா இல்லையா என்பதைக் கண் முடிவு செய்வது முன் விளிம்பை வைத்து. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது பலகையின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் தெரியாது, விளிம்பு மட்டும்தான் தெரியும். அந்த விளிம்பு சதுரமா, அரை உருட்டா, மேலே மட்டும் உருட்டி அடியில் ஒரு கோடு ஓடுகிறதா, அதைத்தான் சரியாகப் பிடிக்க வேண்டும். மரத்தின் நிறம் ஒரு பிடி கூடக் குறைய இருந்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். கனம் இரண்டு நூல் குறைந்தால் வாசலிலிருந்தே தெரியும்.

விளிம்பின் வடிவத்தை எடுக்க எளிய வழி: கழற்றிய பலகையின் வெட்டு முனையை ஒரு காலண்டர் அட்டையின் மேல் நிறுத்தி, கூர் சீவிய பென்சிலால் சுற்றி வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். பலகையின் இரண்டு முனையும் சுவருக்குள் புதைந்திருந்தால், பற்றவைக்கிற ஈயக் கம்பி ஒரு சாண் வாங்கி விளிம்பின்மேல் வைத்து விரலால் அழுத்துங்கள். அந்த வளைவு அப்படியே கம்பியில் நிற்கும். அதைக் காகிதத்தில் வைத்து வரைந்தால் போதும். என் சட்டைப்பையில் அந்த எட்டு மாதமும் ஒரு அட்டை இருந்தது.

பிராக்கெட்டுக்கு ஆறு அளவு வேண்டும்: சுவரோடு ஒட்டும் கையின் நீளம், பலகையைத் தாங்கும் கையின் நீளம், கையின் அகலம், கனம், ஆணித் துளைகளுக்கு இடையே உள்ள தூரம், துளையின் வட்டம். பெயின்ட் பல அடுக்கு ஏறியிருந்தால் அதைச் சுரண்டிவிட்டுத்தான் அளக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு நூல் தப்பும். அப்புறம் அது எந்த உலோகம் என்று பாருங்கள். காந்தம் ஒட்டவில்லை, முதுகில் அரத்தால் கீறினால் உள்ளேயும் மஞ்சள் என்றால் பித்தளை. காந்தம் ஒட்டுகிறது, ஓரத்தில் அச்சு சேர்ந்த கோடு தெரிகிறது, தட்டினால் மந்தமாக ஒலிக்கிறது என்றால் வார்ப்பிரும்பு. பட்டறையில் அடித்து வளைத்த இரும்பு கணீர் என்று ஒலிக்கும், வளைவில் சுத்தியல் பட்ட தடம் இருக்கும். இந்த வித்தியாசம் முக்கியம். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். பழைய வார்ப்பிரும்புத் தாங்கி சுவரில் சரியாக உட்காரவில்லை என்று சுத்தியலால் தட்டினாலோ, மேடு பள்ளமான சுவரில் வைத்து ஆணியை அளவுக்கு மீறி முறுக்கினாலோ இரண்டாகப் போய்விடும்.

இவ்வளவும் கையில் இருந்தால் தேடக் கிளம்பலாம். முதல் தேடல் வெளியே அல்ல, அதே வீட்டில். பரண், மாட்டுக்கொட்டகை, விறகு அறை, கிணற்றடி, சமையலறையின் இருட்டு மூலை, எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே ஆசாரி, ஒரே காலம், ஒரே மரம் என்பதால் கூடத்தில் தொலைந்ததன் ஜோடி பின்கட்டில் மிளகாய் ஜாடியைத் தாங்கிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் இரண்டு பிராக்கெட் அப்படித்தான் கிடைத்தன. அவற்றைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அந்த இடத்தில் சாதாரண இரும்பு ஆங்கிள் மாட்டினேன். பார்வை படும் இடத்தில் பழசு, படாத இடத்தில் புதுசு. இந்த இடமாற்றம் ஒன்றே பாதி வீடுகளுக்குப் போதும்.

அடுத்து தெருவில் விசாரியுங்கள். அதே பத்து வருஷத்தில் கட்டிய வீடுகளை அதே ஆசாரிக் குடும்பம் கட்டியிருக்க வாய்ப்பு அதிகம். யாராவது வீட்டைப் பிரிக்கிறார்கள் என்றால் மரத்தைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

அதன் பிறகுதான் சந்தை. காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெரு பழைய வீட்டுச் சாமான்களுக்குப் பெயர்போனது. தூண், தூணின் தலையில் உட்காரும் போதிகை, கதவு, கண்ணாடிச் சட்டம், எனாமல் பாத்திரம் என்று கடைக்குக் கடை குவிந்திருக்கும். அங்கே போகிறவர்கள் தூணையும் கதவையும் பார்த்துப் பிரமித்து நிற்பார்கள். நீங்கள் கடையின் பின்பக்கம் கேளுங்கள். சின்ன இரும்புச் சாமான்கள் சாக்கில் கட்டிக் கிடக்கும். அந்தத் தெருவில் நடக்கும்போது எனக்கு மனசு கனத்துப் போகும். அங்கே இருக்கும் ஒவ்வொரு தூணும் ஒரு வீட்டின் முற்றத்தில் நின்றது. அதனாலேயே, முழுதாக இருக்கும் அலமாரியை உடைத்துப் பலகை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே உதிரியாகக் கிடப்பதை வாங்குவோம். சென்னையில் இருப்பவர்களுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இருக்கிறது. காலையிலேயே போய்விட வேண்டும். கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர் தெருப் பக்கம் கடைகள் உண்டு, ஆனால் சுற்றுலாப் பயணிகளுக்கு வைத்த விலை. என் அனுபவத்தில் இவை எல்லாவற்றையும்விட மலிவாகவும் நிறையவும் கிடைப்பது வீடு இடிக்கும் காண்ட்ராக்டர்களின் கிடங்கில்தான். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய கதவும் ஜன்னலும் சாத்தி வைத்திருப்பார்களே, அந்த இடங்கள். பலகைக்கு ஆசைப்பட்டு அங்கே பலகையாகத் தேடாதீர்கள். பழைய கதவின் நிலை, படிக்கட்டின் மிதி, உத்திரத்தின் துண்டு, இவற்றை அறுத்தால் உங்களுக்கு வேண்டிய பலகை உள்ளே இருக்கிறது. எங்கள் மூன்றாவது பலகை ஒரு படிக்கட்டின் மிதியாக இருந்ததுதான்.

பழைய மரம் வாங்கும்போது காந்தமும் ஒரு கூரான ஊசியும் கொண்டுபோங்கள். மரத்துக்குள் முறிந்து நிற்கும் ஆணியைக் காந்தம் காட்டிக்கொடுக்கும்; இல்லையென்றால் அறுக்கிற மில்லில் வாள் பல் போகும், அதற்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும். சின்னத் துளைகள் இருந்தால் பலகையைத் தரையில் தட்டுங்கள். மாவு மாதிரித் தூள் கொட்டினால் உள்ளே இன்னும் உளு இருக்கிறது, வாங்காதீர்கள். முனையில் ஊசி சுலபமாக இறங்கினால் கரையானோ உளுத்தலோ உண்டு.

பித்தளைத் தாங்கி வாங்குகிறவர்கள் காந்தத்தை மறக்கவே கூடாது. நான் ஒரு தடவை, சுத்தமான பித்தளை, பழைய பங்களாவில் கழற்றியது என்று சொன்னதை நம்பி நாலு வாங்கினேன். இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. முலாம் செதில் செதிலாக உரிந்து உள்ளே இரும்பு துருப்பிடித்து, சுவரில் செம்மண் நிறத்தில் ஒழுகல் விழுந்தது. அந்தக் கறையை எடுக்கச் சுண்ணாம்புப் பூச்சையே சுரண்ட வேண்டியதாயிற்று.

இன்னொன்று, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குச் சில சாமான்களை அனுப்பலாம் என்று நினைக்கிறவர்கள் கவனிக்கவும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, சிற்ப வேலையோ கலை வேலைப்பாடோ உள்ள நூறு வருஷம் கடந்த பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. வேலைப்பாடு செய்த பழைய போதிகை அதில் மாட்டிக்கொள்ளலாம்.

தேடிக் கிடைக்கவில்லை என்றால் செய்துகொள்ளலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தாத்தாவும் ஆசாரியிடம் சொல்லிச் செய்ததுதான். மரக்கடையில் ஒரு இஞ்சுப் பலகை என்று கேட்டு வாங்கினால் அது இழைத்து முடிந்தபின் ஆறு, ஏழு நூல்தான் தேறும். ஆகவே முடிவில் எவ்வளவு கனம் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லி, அதற்கு மேல் இரண்டு நூலாவது கூட்டி அறுக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்து ஒரு அடி அகல ஒற்றைப் பலகை இப்போது கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும். இரண்டு பலகையை நாக்கும் பள்ளமும் வைத்து இணைத்து ஒட்டலாம். இணைப்பு பின்னால் சுவரோரம் வரும்படி, முன்பக்கம் அகலமான துண்டு வரும்படி வைத்தால் கண்ணுக்குப் படாது. புதுத் தேக்கு முதலில் திட்டுத் திட்டாக இருக்கும். நாலைந்து நாள் வெயில் காட்டினால் நிறம் சீராகும். அதற்குப் பிறகு பாலிஷ் போடுங்கள். நிறத்தை மாட்டும் இடத்திலேயே, அந்த வெளிச்சத்திலேயே ஒரு வெட்டுத் துண்டில் போட்டுப் பாருங்கள். அதற்கும் முன்னால் பழைய பலகையை டர்ப்பன்டைன் துணியால் துடையுங்கள். அதன் கறுப்பில் பாதி வெறும் அழுக்காக இருக்கலாம்.

பிராக்கெட்டை வார்க்கப் பழைய தாங்கி ஒன்றையே மாதிரியாகக் கொடுக்கலாம். வார்ப்புப் பட்டறைகளுக்குக் கோயம்புத்தூர் இருக்கிறது. பித்தளை என்றால் குத்துவிளக்கு வார்க்கும் நாச்சியார்கோவில் இருக்கிறது. மணலில் உங்கள் தாங்கியை அழுத்தி அச்செடுத்து ஊற்றுவார்கள். ஆனால் உலோகம் ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு அடிக்கு ஏறத்தாழ ஒரு நூல், பித்தளை அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அதனால் நகல் எப்போதும் மூலத்தைவிடக் கொஞ்சம் சிறிசாகத்தான் வரும். எட்டு இஞ்சுத் தாங்கியில் அது இரண்டு மில்லிமீட்டர். ஒரே பலகைக்கு ஒரு பக்கம் பழசு, மறு பக்கம் நகல் என்று மாட்டினால் துளைகளும் உயரமும் இடிக்கும். நகலுக்கு நகலை ஜோடி சேர்த்து வேறொரு பலகைக்குக் கொடுங்கள், பழசு இரண்டும் ஒரே பலகையில் இருக்கட்டும். வேலைப்பாடு இல்லாத, அடித்து வளைத்த தாங்கி என்றால் இவ்வளவு தூரம் போக வேண்டாம். ஊர்க் கொல்லுப் பட்டறையில் அட்டையைக் காட்டினால் ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும்.

1950, 60களில் கட்டிய வீடு என்றால் பலகைக்குப் பதில் கடப்பாக் கல் தட்டு இருக்கும். அதற்கு பிராக்கெட் வேட்டை தேவையே இல்லை. பெரும்பாலும் கல்லின் இரண்டு முனையும் சுவருக்குள் செருகியிருக்கும். அதே கனத்தில் கல் வாங்கி, முன் விளிம்பை மட்டும் பழசு மாதிரி உருட்டி மெருகேற்றச் சொன்னால் போதும். மூன்றடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு இஞ்சு கனம் உள்ள கல் ஏறக்குறைய 19 கிலோ இருக்கும். ஒரு ஆள் தூக்கி மாட்டுகிற வேலை இல்லை.

இனி மாட்டுவது. இதில்தான் நல்ல சுவர்கள் பாழாகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தும் சூளைச் செங்கல்லும். பூச்சே ஒரு இஞ்சு கனம் இருக்கலாம். முதலில் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே வாருங்கள். பொத்தென்று ஒலிக்கும் இடத்தில் பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்திருக்கிறது. அங்கே ஆணி நிற்காது. ஓதம் ஏறிய சுவரில், அதைச் சரிசெய்யாமல் பலகை மாட்டாதீர்கள். பழைய தாங்கி இருந்த இடத்தில் சுவருக்குள் சதுரமாக ஒரு மரக்கட்டை புதைந்திருக்கும். கட்டும்போதே வைத்த அது அசையாமல் இருந்தால் அதைவிடச் சிறந்த பிடிப்பு கிடையாது, அதையே பயன்படுத்துங்கள்.

புதுத் துளை போட வேண்டுமென்றால் டிரில்லிங் மிஷினில் சுத்தியல் அடியை நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில் போடுங்கள். அடி விழுந்தால் பூச்சு உள்ளே கழன்று கையகலத்துக்குப் பெயரும். துளை செங்கல்லின் நடுவில் விழ வேண்டும், சாந்து இணைப்பில் விழுந்தால் பொலபொலவென்று உதிரும். பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இரண்டு இஞ்சாவது போக வேண்டும், ஆகவே மூன்று, மூன்றரை இஞ்சு மறையாணி (ஸ்க்ரூ) வாங்குங்கள். செங்கல் மெதுவாக இருந்தால், ஆணியைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளக்கின் அளவைவிட ஒரு சைஸ் சின்ன பிட்டால் துளை போட்டு, தூசியை ஊதிவிட்டு, பிளக்கை இறுக்கமாகத் தட்டி இறக்குங்கள். பழைய துளையைச் சிமென்டால் அடைக்காதீர்கள். சிமென்ட் கெட்டி, சுண்ணாம்பு மெத்து. ஈரத்தை அது பூட்டி வைத்துச் சுற்றியுள்ள பூச்சைத் தள்ளிவிடும். ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல் குழைத்து அடைத்து, ஒரு வாரம் லேசாக ஈரம் காட்டி விடுங்கள்.

பிராக்கெட்டின் நீளமான கை சுவரோடு வர வேண்டும். அழகுக்காக இதைத் திருப்பி மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கு எளிது. பத்து இஞ்சு அகலப் பலகையில் ஒரு தாங்கியின் பங்குக்கு 20 கிலோ ஏறுகிறது, அதன் பாரம் சுவரிலிருந்து ஐந்து இஞ்சு தள்ளி நிற்கிறது. சுவர்க் கை ஐந்து இஞ்சு என்றால் மேல் ஆணியை வெளியே இழுக்கும் விசை ஏறத்தாழ 20 கிலோ. அதே கை பத்து இஞ்சு என்றால் 10 கிலோதான். பழைய சுவருக்கு இந்தப் பாதி பெரிய விஷயம். புத்தகம் ஒரு அடி நீளத்துக்கு எட்டு, பத்து கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டு, ஒரு இஞ்சுத் தேக்குக்கு இரண்டரை அடிக்கு ஒரு தாங்கி போடுங்கள்.

பித்தளை மறையாணி போடுவதானால் முதலில் அதே அளவு இரும்பு ஆணியை முறுக்கி வழி செய்து, கழற்றிவிட்டு, மெழுகு தடவிய பித்தளை ஆணியை ஏற்றுங்கள். நேராக முறுக்கினால் தலை துண்டாகிவிடும். பிளஸ் தலை வேண்டாம். மைனஸ் கோடு உள்ளதுதான் அந்தக் காலத்தது, அதுதான் பொருந்தும். ரசமட்டத்தை வைத்தால் பழைய பலகைகள் ஓரிரு நூல் சாய்ந்திருப்பது தெரியும். புதுப் பலகையை மட்டத்துக்கு வைப்பதா, அவற்றின் சாய்வுக்கு வைப்பதா? பக்கத்தில் இன்னொரு பலகை இருந்தால் அதன் சாய்வோடு போங்கள், தனியாக நின்றால் மட்டத்துக்கு வையுங்கள்.

மாட்டிய அன்றே நிறைய ஏற்றாதீர்கள். ஒரு வாரம் பாதிப் பாரம், அப்புறம் ஆணிகளை ஒரு தடவை இறுக்கிப் பார்த்து மீதி. முதல் மழைக்காலம் முடிந்ததும் மறுபடி ஒரு முறை பாருங்கள். மரம் ஊதி வற்றும்போது ஆணி தளரும்.

எங்கள் புதுப் பலகையை ஏற்றுவதற்கு முன்னால் ஆசாரியிடம் பழைய கோடுகளைக் காட்டினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, உளியை எடுத்து அடிப்பக்கத்தில் மூன்று கோடு கீறினார். அதன் பக்கத்தில் நான் பென்சிலால் வருஷத்தையும், படிக்கட்டு மரம், அரக்கு பாலிஷ் என்பதையும் எழுதி வைத்தேன். நீங்களும் எழுதி வையுங்கள். அடுத்து அதைக் கழற்றுகிறவர் மரம் எது, பூச்சு எது என்று தேட வேண்டியிருக்காது.